டெல்மர் காகின்ஸின் வலது இடுப்பு

டெல்மர் காகின்ஸை இடப்பக்கமாகத்தான் கட்டிப்பிடிக்க வேண்டும். ஹேசல் ஃபோர்க் ஊரில் நடக்கப் பழகிய குழந்தைக்குக்கூட அது தெரியும். யாராவது ஆசையாகக் கையை விரித்துக்கொண்டு வந்தால் மனிதர் அரைவட்டமாகத் திரும்பி இடது தோளைக் கொடுப்பார். வலது இடுப்பில், சட்டைக்கு உள்ளே, ஒரு கைத்துப்பாக்கி தோலோடு தோலாகக் கிடந்தது. முப்பது வருஷமாகக் கிடந்தது. ஊருக்கே தெரியும், ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள். பாஸ்டர் மனைவி தலைக்குச் சாயம் பூசுகிற மாதிரிதான் அதுவும்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவர் டெல்மர். அப்பன் எண்ணெய்க் கிணற்று வேலையில் முதலில் ஒரு விரலைப் பறிகொடுத்தான், பிறகு வேலையை விட்டான், கடைசியில் வீட்டையே விட்டுப் போய்விட்டான். மகன் மண்வெட்டியைத் தூக்கினான். செப்டிக் டேங்குக்குக் குழி வெட்டும் வேலை. ஒக்லஹோமாச் செம்மண் மழை பெய்தால் பசை, வெயில் அடித்தால் பாறை. அந்த மண்ணோடு மல்லுக்கட்டி ஜெயித்தவர் அவர். இன்றைக்கு மூன்று லாரிகள், மூன்றிலும் கொட்டை எழுத்தில் அவர் பேர். "இந்தப் பக்கத்துல எவன் மூக்கைப் பொத்துறானோ, அங்க எனக்குச் சோறு இருக்கு" என்பார். ஒருத்தன் தயவில் வளர்ந்ததில்லை, ஒருத்தன் முன்னால் மண்டி போட்டதில்லை என்பார். சும்மா சொல்லக்கூடாது, பெருமையடிக்கத் தகுதியுள்ள ஆள்தான்.

மண்டி போட்டதில்லை என்பது மட்டும் பொய்.

முப்பது வருஷத்துக்கு முன்னால், ஊருக்கு வெளியே ஒரு பெட்ரோல் பங்க். சாயங்கால நேரம். இரண்டு பொடியன்கள், ஒருத்தன் கையில் கத்தி. வண்டிக்குள் இருந்த மனைவி நெல்டா கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க, டெல்மரைச் சரளைக்கல்லில் மண்டி போட வைத்தார்கள். பர்ஸை எடுத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே போனார்கள். கூர்கூரான கல் முழங்காலில் பதிந்த தடம் ரெண்டு நாளில் மறைந்துவிட்டது. அந்தச் சிரிப்பு மறையவில்லை. நெல்டா அதைப்பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. அவள் திட்டியிருந்தாலாவது தேவலை என்று இருந்தது அவருக்கு. மறுவாரமே போய்த் துப்பாக்கி வாங்கினார்.

துப்பாக்கி வந்ததும் வீரம் வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். வந்தது பயம்தான். அதற்குமுன் ரோட்டில் எவனாவது குறுக்கே வண்டியை விட்டால் இறங்கிச் சண்டைக்குப் போகிறவர், இப்போது கையை ஆட்டி வழிவிட்டார். கோபம் வந்தால் வலது கை எங்கே போகும் என்பது அவருக்கே நிச்சயமில்லை. ஆகவே கோபத்தையே விட்டுத் தொலைத்தார். பீர் குடிப்பதையும் விட்டார். தூங்கப் போகுமுன் அதை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, படுத்தபிறகு எழுந்து போய் இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார். பகலில் நடக்கும்போது, பேசும்போது, ஜெபத்துக்குத் தலை குனியும்போது, வலது முழங்கை தானாகப் போய் இடுப்பை லேசாக உரசி, இருக்கிறது என்று தெரிந்துகொண்டு திரும்பிவரும். "நான் இருபது வருஷம் சொல்லிக் கேக்காத மனுஷன், ஒன்றரைப் பவுண்டு இரும்பு சொன்னதும் கேட்டுட்டான்" என்பாள் நெல்டா.

எங்கெங்கோ சபைகளுக்குள் ஆள் புகுந்து சுட்ட சேதிகள் வர ஆரம்பித்தபோது, எங்கள் சபையிலும் ஒரு காவல்குழு வேண்டும் என்றார் பாஸ்டர் லைல். தலைவர் யார் என்ற கேள்வியே எழவில்லை. டெல்மர் ஆட்களைச் சேர்த்தார், பாடம் எடுத்தார். பாடத்தில் பாதி கழிப்பறையைப் பற்றியது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் இடுப்பில் துப்பாக்கி வைத்திருக்கிறவனுக்கு உலகத்திலேயே ஆபத்தான இடம் அதுதான். பெல்ட்டை அவிழ்த்தால் எடை தாங்காமல் துப்பாக்கி சரியும். "கீழ இறங்கின பேன்ட்டுக்குள்ளயே அதை வெச்சுக்கணும், கால் ரெண்டுக்கும் நடுவுல. கொக்கியில மாட்டாத. சுவத்துல இருக்கிற டாய்லெட் பேப்பர் பெட்டி மேல வைக்காத. வெச்சவன் மறப்பான். மறந்தவன் மனுஷனே இல்ல" என்று மேஜையைத் தட்டிச் சொல்வார்.

ஒரு புதன்கிழமை, சபைக் கூட்டத்தில் கெல்சி எழுந்து நின்றாள். ஊருக்குக் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகாத இளம் பெண். ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு அவள்தான் டீச்சர்.

"மிஸ்டர் டெல்மர், இது பிள்ளைங்க ஓடி விளையாடுற இடம். எத்தனை பேர் வெச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சா போதும் எனக்கு. பேர்கூட வேண்டாம்."

"அது சொல்றதுக்கில்லம்மா. யாருகிட்ட இருக்குன்னு தெரியாம இருக்கிறதுதான் பாதுகாப்பே."

"யாராச்சும் எங்கயாச்சும் மறந்து வெச்சிட்டா?"

கூட்டம் சிரித்தது. டெல்மரும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இந்தா பாரும்மா. என் பொண்டாட்டி ரெண்டு தடவை என்னை விட்டுட்டு அவ அக்கா வீட்டுக்குப் போயிருக்கா. இது ஒரு நாள்கூட என்னை விட்டுப் போனதில்ல."

"அதுக்குக் காது கேக்காது. அதான் கூட இருக்கு" என்றாள் நெல்டா.

இன்னும் பெரிய சிரிப்பு. கெல்சி சிரிக்காமல் உட்கார்ந்தாள்.

நாலு நாள் கழித்து ஹோம்கமிங் ஞாயிறு. ஊரைவிட்டுப் போனவர்களெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை சபைக்குத் திரும்பிவந்து ஒன்றாகச் சாப்பிடும் நாள். கூடம் முழுக்க நீள மேஜைகள். புகையில் வாட்டிய மாட்டிறைச்சி, சோள ரொட்டி, நெல்டா மஞ்சள்கருவை மசித்து அடைத்த முட்டை, பெயர் தெரியாத ஏழெட்டு சாலட். பிள்ளைகள் மேஜைக்கு அடியில் புகுந்து ஓடின.

சாப்பாட்டுக்கு முன்னால் டெல்மர் கழிப்பறைக்குப் போனார். ஆண்கள் பக்கம் கதவுபோட்ட அறை ஒன்றே ஒன்று. அவருக்கு அந்த வசந்தத்தில்தான் முழங்கால் மூட்டு மாற்றியிருந்தார்கள். குனிய முடியாது, கணுக்காலில் கிடக்கும் துப்பாக்கியோடு பேன்ட்டைத் தூக்குவது பெரும்பாடு. ஒரு மாதமாக யாருக்கும் தெரியாமல் அவர் அதைப் பேப்பர் பெட்டி மேல்தான் வைத்துவந்தார். ஊருக்குத்தானே பாடம், வாத்தியாருக்குமா என்று.

எழுந்து பெல்ட்டைப் போடும்போது வெளிக்கதவு படாரென்று திறந்தது. பாஸ்டர் லைல்.

"பிரதர் டெல்மர்! உள்ள இருக்கீங்களா? சமையல்கட்டுல சாக்கடை மேல பொங்குது! கறியெல்லாம் அங்கதான் இருக்கு! உங்களை விட்டா யாரு இருக்கா?"

உங்களை விட்டா யாரு இருக்கா. அந்த ஒரு வார்த்தைக்கு டெல்மர் கல்லறையிலிருந்துகூட எழுந்து வருவார். "யாரும் எதையும் தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டே வெளியே பாய்ந்தார். வண்டியிலிருந்து அடைப்பெடுக்கும் கம்பிச்சுருளை இறக்கினார், கட்டடத்துக்கு வெளியே குழாய்மூடியைத் திருகினார், கம்பியை விட்டுச் சுழற்றினார். சமையல்கட்டில் தண்ணீர் ஒரு ஏப்பம் விட்டு வடிந்தது. பெண்கள் கைதட்டினார்கள்.

"பன்னிக் கொழுப்பைத் தொட்டியில ஊத்தினது யாருன்னு நான் கேக்கமாட்டேன்" என்றார் டெல்மர், கையைத் துடைத்துக்கொண்டு. "கர்த்தருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்."

தட்டு நிறையக் கறியோடு வந்து உட்கார்ந்தார். பக்கத்து மேஜைக்காரனுக்கு அடைப்பெடுத்த கதையை இரண்டாம் தடவை சொல்ல ஆரம்பித்தார். பாதிக் கதையில் வலது முழங்கை வழக்கம்போல இடுப்பை உரசிப் பார்த்தது.

சதைதான் இருந்தது.

மறுபடி உரசினார். உறை இருந்தது, தொளதொளவென்று. துப்பாக்கி இல்லை. வாயிலிருந்த கறி மண்ணாகிவிட்டது. வண்டியிலா? குழாயடியிலா? மனசு எங்கெங்கோ ஓடிப் பார்த்தது, ஆனால் கண்ணுக்கு முன்னால் ஒரே படம்தான் நின்றது. வெள்ளைத் தகரப் பெட்டி, அதன்மேல் கறுப்பாக அது. விசையைத் தடுக்கும் பூட்டு இல்லாத ரகம். குழலுக்குள் ஒரு தோட்டா ஏற்றியபடி. ஏற்றாத துப்பாக்கி சுத்தியலுக்குச் சமம் என்று பாடம் எடுத்தவர் அவர்தான்.

எழுந்தார். ஓட முடியாது. முழங்கால் விடாது. ஓடினால் காவல்குழு ஆட்கள் என்னமோ ஏதோவென்று இடுப்பில் கை வைப்பார்கள். நடந்தார். வழியில் வந்த ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். ரொட்டி வைத்திருந்த கை. பலூன் வைத்திருந்த கை. ஒன்றுமில்லாத கை. மூலையில் யாரோ மடக்கு நாற்காலியைத் தரையில் போட்டார்கள். டமார்! டெல்மருக்கு உயிர் ஒரு தரம் வெளியே போய்த் திரும்பி வந்தது.

கைகழுவும் இடத்தில் யாருமில்லை. தடுப்பறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தாழ். கதவுக்கு அடியில், தரையைத் தொடாமல், இரண்டு சின்னச் சப்பாத்துகள் தொங்கிக்கொண்டிருந்தன. அசையும்போதெல்லாம் குதிகாலில் சிவப்பு விளக்கு மின்னியது.

"ஆள் இருக்கு. வராதீங்க" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

கெல்சியின் மகள் ஜூனி. ஆறு வயசு.

டெல்மர் சுவரைப் பிடித்துக்கொண்டார். கத்தினால் பயந்துபோய் எதையாவது பிடிப்பாள். கதவை உடைத்தால் அவள்மேலேயே விழும். "ஜூனிக் கண்ணு" என்றார்.

"மிஸ்டர் டெல்மரா? பொம்பளைங்க பக்கம் பெரிய லைனு. எனக்கு ரொம்ப அவசரம். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

"அதுக்கென்ன. அவசரத்துக்குப் பாவமில்ல."

"உங்க குரல் ஏன் இப்படி இருக்கு?"

"முட்டை தொண்டைல மாட்டிக்கிச்சு."

உள்ளே சிரிப்பு. சப்பாத்துகள் ஆடின, விளக்குகள் மின்னின. "மிஸ்டர் டெல்மர், இங்க ஒரு துப்பாக்கி இருக்கு."

"தெரியும் கண்ணு."

"நெஜத் துப்பாக்கியா?"

பொம்மை என்றால் விளையாடுவாள். நிஜம் என்றால் என்ன செய்வாளோ. "நெஜம்தான்" என்றார். "என்னுது. நீ தொட்டியா?"

ஒரு சப்பாத்து இன்னொன்றைச் சுரண்டியது.

"கொஞ்சம்தான். பேப்பர் எடுக்க வேணாமா? குறுக்க இருந்துச்சு. தள்ளி வெச்சேன்." பிறகு, தணிந்த குரலில்: "இப்ப அது என்னையே பாத்துக்கிட்டு இருக்கு."

டெல்மருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்தத் தகரப் பெட்டி எவ்வளவு ஆட்டம் ஆடும் என்பது அவருக்குத் தெரியும். ஒரு மாதமாக அதன்மேல் வைத்து எடுத்தவர். புது மூட்டு கிடந்து கதற, வலது முழங்காலை மடக்கித் தரையில் ஊன்றினார். சரளைக்கல்லுக்குப் பிறகு இன்றுதான்.

"ஜூனி, நாம ஒண்ணு செய்வோமா? எதையும் பிடிக்காம, மெதுவா அப்படியே கீழ சறுக்கு. பேப்பர் பெட்டியத் தொடக்கூடாது. தரைல உக்காந்து, ரெண்டு கையையும் கதவுக்கு அடில என்கிட்ட நீட்டு."

"நான் இன்னும் கை கழுவல."

"பரவால்ல கண்ணு. நான் செப்டிக் டேங்க்காரன்."

மறுபடி சிரிப்பு. துணி உரசும் சத்தம். தொப்பென்று சப்பாத்துகள் தரையைத் தொட்டன. அந்த அதிர்வில் தகரத்தின்மேல் இரும்பு 'கிர்ர்' என்று நகரும் சத்தம் கேட்டது.

டெல்மர் கண்ணை மூடவில்லை. மூடினால் அதற்குள் நடந்துவிடும் என்று தோன்றியது.

சத்தம் நின்றது. கதவுக்கு அடியில் ஒரு கை வந்தது. அடுத்த கையைக் காணோம்.

"இன்னொண்ணு எங்க? ஜூனி, இன்னொரு கை எங்க?"

"மூக்கு அரிக்குது."

வந்தது. இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்தார். அப்படியே தவழ்ந்து வெளியே வரச் சொன்னார். பூப்போட்ட கவுன் தரையைத் துடைத்துக்கொண்டு வந்தது, பின்னால் விளக்குச் சப்பாத்துகள்.

"மிஸ்டர் டெல்மர், வலிக்குது."

அவர் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார். விட மனசு வரவில்லை.

அவளைக் கைகழுவும் இடத்துச் செங்கல் சுவருக்குப் பின்னால் நிறுத்தினார். பேனாக்கத்தி முனையால் தாழை வெளியிலிருந்தே திருகினார். துப்பாக்கி பெட்டியின் விளிம்பில் பாதி அந்தரத்தில் இருந்தது. அதன் வாய் இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஆறு வயசுப் பிள்ளை உட்கார்ந்தால் நெற்றி இருக்கும் உயரத்தில். எடுத்தார். மூன்று தரம் முயன்றுதான் கைப்பிடிக்குள் இருந்த தோட்டாக் கூட்டைக் கழற்ற முடிந்தது. மேல்பகுதியை இழுத்தார். உள்ளே இருந்த தோட்டா தெறித்து, தரையில் உருண்டு, ஜூனியின் சப்பாத்தில் போய் முட்டி நின்றது. அவள் எடுத்துக் கொடுத்தாள்.

"தங்கம் மாதிரி இருக்கு."

கொடுத்துவிட்டுக் கதவைப் பார்த்தாள். வெளியே பாட்டு ஆரம்பித்திருந்தது. யாரும் பார்க்கவில்லை. யாருக்கும் தெரியாது. நாளைக்கும் அவர் டெல்மர் காகின்ஸ்தான். நாக்கு தானாகவே புரண்டது.

"ஜூனிக் கண்ணு, இது நமக்குள்ள..."

"ரகசியமா?" அவள் ஒரு அடி பின்னால் போனாள். "ரகசியம் வெச்சுக்கன்னு சொல்ற பெரியவங்ககிட்ட இருந்து ஓடிவந்துடணும்னு அம்மா சொல்லியிருக்கா."

ஆண்கள் கழிப்பறை. ஒரு கிழவன். ஆறு வயசுப் பெண்ணிடம் வாயை மூடிக்கொள் என்று சொல்லப் பார்த்த கிழவன். எதிரே கண்ணாடியில் அவன் நின்றுகொண்டிருந்தான்.

"உங்கம்மா சொன்னதுதான் சரி. வா, அவகிட்டப் போவோம். நான்தான் சொல்லணும்."

கெல்சி மேஜையருகே பீச் பழம் அடைத்த அப்பத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை, வளைக்கத் தெம்பில்லை. அவள் கத்தவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள். மகளின் தலையைத் தடவினாள், நெற்றியை, கழுத்தை, வயிற்றை, ஏதோ ஓட்டை இருக்கிறதா என்று தேடுகிறவளைப்போல.

"தோட்டா இருந்துச்சா?"

டெல்மர் உள்ளங்கையை விரித்தார்.

"குழலுக்குள்ளயா?"

"ஆமாம்மா."

அவள் அதை எடுத்துக் கையில் மூடிக்கொண்டாள். "எனக்குச் சொல்லிட்டீங்க. அங்க சொல்லுங்க." மேடையில் இருந்த மைக்கைக் காட்டினாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை, ஆராதனை முடிஞ்சு..."

"இப்ப. எல்லாப் பிள்ளைங்களும் இப்ப இந்தக் கூடத்துலதான் இருக்கு."

அவர் நகரவில்லை. ஊரே உட்கார்ந்திருந்தது. அவர் குழி வெட்டின வீடுகள், அவரிடம் பாடம் கேட்ட ஆட்கள், புதன்கிழமை சிரித்த வாய்கள். நெல்டா எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கணவனின் முகத்தைப் பார்த்தாள், தொளதொளத்த உறையைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"யோவ்" என்றாள் மெதுவாக. "அன்னைக்கு நீ மண்டி போட்டப்போ நான் வெட்கப்படல. இன்னைக்கு இங்கயே நின்னியானா வெட்கப்படுவேன். நட."

முப்பது வருஷம் கழித்து வந்த பேச்சு. அவர் நடந்தார்.

மைக்கைப் பிடித்ததும், "என்ன, இன்னொரு தடவை சாக்கடைக் கதையா?" என்று எவனோ கத்தினான். சிரிப்பு எழுந்தது. "என் துப்பாக்கியக் கழிப்பறைல விட்டுட்டு வந்துட்டேன்" என்றார் டெல்மர். இன்னும் பெரிய சிரிப்பு. புதன்கிழமை வேடிக்கையின் மிச்சம் என்று நினைத்துக்கொண்டார்கள். "தோட்டா ஏத்தினபடி. பேப்பர் பெட்டி மேல. நான் உங்ககூடக் கறி தின்னுக்கிட்டு இருந்தப்போ ஒரு பிள்ளை அதுகூடத் தனியா இருந்தது. தொட்டுத் தள்ளி வெச்சிருக்கு. வெடிக்கல. அதுல என் சாமர்த்தியம் ஒண்ணுமில்ல. இனி இந்தக் கதவுல காவலுக்கு நான் நிக்கமாட்டேன்."

சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது. கரண்டிச் சத்தம்கூட இல்லை. அந்த அமைதியில்தான் அது நடந்தது. முதலில் கதவருகே நின்றவனின் வலது முழங்கை மெல்ல நகர்ந்து இடுப்பை உரசியது. பிறகு முன்வரிசையில் ஒருவர். பிறகு பாட்டுக்குழுவில் ஒருவர். மேஜைக்கு மேஜை, முழங்கைகள் ஒவ்வொன்றாக இடுப்பைத் தொட்டுப் பார்த்துத் திரும்பின. ஒருவர் கணுக்காலைச் சொறிவதுபோலக் குனிந்தார். பெண்கள் சிலர் நாற்காலியில் தொங்கிய கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்கள். பாஸ்டர் லைலின் கைகூடக் கோட்டுக்குள் போய் வந்தது.

கெல்சி புதன்கிழமை கேட்ட எண்ணிக்கை அவள் கண்முன்னால் தானாக எழுந்து நின்றது. எண்ண ஆரம்பித்தாள். காவல்குழுவோடு அது நிற்கவில்லை. பாதிக் கூடம் தாண்டியதும் விட்டுவிட்டாள். தோட்டா உள்ளங்கையில் வெதுவெதுப்பாகியிருந்தது. மகளைக் காலோடு சேர்த்து இழுத்துக்கொண்டு, வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்தாள். அங்கே போக எந்த மேஜையைத் தாண்டுவது பத்திரம் என்று அவளுக்குப் புரியவில்லை. நின்ற இடத்திலேயே ஜூனி கால் மாற்றி நின்றாள். குதிகாலில் சிவப்பு விளக்கு மின்னி மின்னி அணைந்தது.